கோடு ஓடுது, குரல் விலகுது, ஹெல்மெட்டில் ஆவி படியுது: மதுரையில் சயின்ஸ் ஃபிக்‌ஷன் வெப் சீரிஸ் எடுப்பவர்களுக்கு

திருநகரில் ஒரு நண்பர் வீட்டு மாடி அறையை விண்கலமாக்கி, வைகை மணலையும் நாகமலை அடிவாரத்தையும் வேறு கிரகமாக்கி, ஐந்து எபிசோட் எடுத்து முடிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. மொத்தச் செலவு இரண்டு லட்சத்தைத் தொடவில்லை, அதிலும் பாதிக்கு மேல் சாப்பாடும் பெட்ரோலும்தான். கையில் இருந்தது இரண்டு போன், கடன் வாங்கிய ஒரு மிரர்லெஸ் கேமரா. இந்த இரண்டு வருடத்தில் என்னென்ன கெட்டுப்போனது, எதனால் கெட்டது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை, உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அதை வைத்துத் தேடிப் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரச்சினை கண்ணில் படுகிற இடத்திலேயே அதன் காரணமும் இருப்பது அபூர்வம். எடிட்டிங்கில் தெரிகிற தப்பு ஷூட்டிங்கில் நடந்திருக்கும், ஷூட்டிங்கில் தெரிகிற தப்பு கடையில் பல்பு வாங்கும்போதே நடந்திருக்கும். அதனால் காசு செலவழிப்பதற்கு முன், ஒவ்வொன்றிலும் ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

படத்தில் கறுப்புப் பட்டைகள் நகர்கின்றன

முதல் நாள் ராத்திரி முழுக்க எடுத்ததை மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டபோதுதான் கவனித்தோம், சுவரெல்லாம் மெல்லிய பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்ந்துகொண்டிருந்தன. போனின் சின்னத் திரையில் அது தெரியவே இல்லை. போன் போய்விட்டது என்று பயந்தோம், ஆனால் போனில் ஒரு கோளாறும் இல்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரிகிற மலிவான எல்.ஈ.டி. பல்பு நொடிக்கு 100 முறை மங்கி மங்கிப் பிரகாசிக்கும், போனோ நொடிக்கு 30 பிரேமில் தன் இஷ்டத்துக்கு ஒரு ஷட்டரைப் போட்டுக்கொண்டு எடுக்கும். இரண்டு தாளமும் ஒத்துப்போகாத இடத்தில் பட்டை விழுகிறது.

நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி. இதை எழுதிப் போனின் முதுகில் ஒட்டிவிடுங்கள். 24 பிரேம்தான் வேண்டும் என்றாலும் ஷட்டர் 1/50லேயே இருக்கட்டும். போனோடு வருகிற கேமராவில் இதைப் பூட்ட முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது, அதில் முடியும். வெளிச்சம் கூடுதலாக இருந்தால் 1/100 வரை போகலாம், அதற்கு மேல் ஷட்டரைத் தொடாமல் லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கிற என்.டி. ஃபில்டர் போடுங்கள். காட்சியில் கம்ப்யூட்டர் திரை இருந்தால் அதன் ரிஃப்ரெஷ் ரேட்டையும் 50க்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்து பட்டை போகவில்லை என்றால் டிம்மரைப் பாருங்கள். ரிமோட் வைத்த எல்.ஈ.டி. ஸ்ட்ரிப்பில் வெளிச்சத்தைக் குறைத்தால் விளக்கு மங்கலாக எரிவதாக நமக்குத் தோன்றும், ஆனால் அது வேகமாக அணைந்து அணைந்துதான் எரிகிறது. முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டு முன்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப்பை டிம்மர் இல்லாமல் நேராக 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தால் நடுக்கமே இருக்காது, கரண்ட் போனாலும் விண்கலம் எரியும். எங்கள் கட்டுப்பாட்டு அறை இரண்டாவது எபிசோடிலிருந்து ஒரு பழைய கார் பேட்டரியில்தான் ஓடியது.

அதைவிட நல்லது, கடையிலேயே சோதித்து வாங்குவது. பல்பைப் போடச் சொல்லி, போனில் ஸ்லோ மோஷன் வைத்து ஐந்து நொடி எடுத்துப் பாருங்கள், நடுங்குகிற பல்பு திரையில் படபடவென்று துடிக்கும். நான் அப்படி எடுத்தபோது கடைக்காரர், "பல்ப எதுக்குத் தம்பி வீடியோ எடுக்குறீங்க?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "இருங்க" என்று உள்ளே போய் வேறு மூன்று பெட்டி எடுத்து வந்து ஒவ்வொன்றாக மாட்டி அவரே படம் எடுக்கச் சொன்னார். மூன்றாவது பல்பு அசையாமல் நின்றது. நாற்பது ரூபாய்தான் அதிகம்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள், மறுபடி எடுக்க வழியில்லை என்றால், அதே கிளிப்பை அதன் மேலேயே வைத்து ஒரு பிரேம் தள்ளி, பாதி ஒளிபுகும்படி வையுங்கள். ஆள் அசையாத ஷாட்டில் இது ஓரளவு காப்பாற்றும், ஓடுகிற ஷாட்டில் பேய் நிழல் விழும்.

செட் தெர்மாகோலாகவே தெரிகிறது

இதுதான் எல்லோருக்கும் வருகிற பிரச்சினை, எல்லோரும் தப்பான இடத்தில் சரிசெய்வதும் இதைத்தான். இன்னும் நாலு பொருள் வாங்கி ஒட்டுவார்கள். ஒட்டாதீர்கள், முதலில் டியூப் லைட்டை அணையுங்கள்.

மேலிருந்து சமமாக விழுகிற வெளிச்சத்தில் எதை வைத்தாலும் அது என்னவோ அதுவாகத்தான் தெரியும். வெளிச்சம் செட்டுக்கு உள்ளிருந்து வரவேண்டும், பொத்தான் பலகைக்குப் பின்னாலிருந்து, தரைக் கம்பிவலைக்குக் கீழிருந்து, நடிகரின் முகத்துக்கு முன்னால் இருக்கிற திரையிலிருந்து. அறையில் பாதி இருட்டாக இருக்கட்டும். இருட்டில் இருப்பதைப் பார்க்கிறவர்களே கட்டிக்கொள்வார்கள், அந்த வேலைக்கு நமக்குச் செலவு கிடையாது.

அடுத்தது நிறம். தெர்மாகோலில் ஸ்பிரே பெயின்ட் அடித்துவிடாதீர்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு ஒன்றை முழுசாகச் செதுக்கி முடித்து, கறுப்பு ஸ்பிரேயை எடுத்து அடித்தோம். அடித்த இடம் சீனிப்பாகில் விழுந்த அப்பளம் போலச் சுருங்கி, குழி குழியாகி, கை வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்பிரேயில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து இரண்டு கோட், காய்ந்ததும் தண்ணீரில் கரைகிற கறுப்பு எமல்ஷன் ஒரு கோட், அதற்கு மேல் ஸ்பாஞ்சில் சாம்பல் நிறத்தைத் தொட்டுத் தொட்டு ஒற்றுங்கள். பளபளப்பு பெயின்ட் வேண்டவே வேண்டாம், மேட்தான்.

மூன்றாவது, மனிதர் புழங்கிய அடையாளம். ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டைப் பாருங்கள். கை படுகிற இடத்தில் மட்டும் கியர் கம்பி பளபளவென்று தேய்ந்திருக்கும், சுவிட்சுக்குப் பக்கத்தில் விரல் அழுக்கு வட்டமாகப் படிந்திருக்கும், கண்ணாடிக்குக் கீழே காய்ந்த பூவும் சந்தனமும் இருக்கும், பிய்ந்த சீட்டை யாரோ ஒயர் போட்டுக் கட்டியிருப்பார்கள். நம் ஊரிலிருந்து கிளம்புகிற விண்கலத்திலும் எட்டு மாதம் ஆள் இருந்தால் அப்படித்தான் ஆகும். கதவுப் பிடியில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டோம், காற்றுக்குழாய் மேல் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கட்டினோம். பார்த்தவர்களில் பாதிப்பேர் முதலில் பேசியதே அந்த எலுமிச்சம்பழத்தைப் பற்றித்தான்.

இங்கே இன்னொன்றும் சொல்ல ஆசை. விண்மீன் வரைபடத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வாரம் தவித்தோம். கடைசியில் எங்கள் குழுவில் இருந்த அக்கா ஒருவர் தன் அம்மாவின் பழைய கருநீலச் சுங்குடிச் சேலையைக் கொண்டுவந்து சுவரில் விரித்தார். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த வெள்ளைப் புள்ளிகள், ஒன்று மாதிரி ஒன்று இல்லை, ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலத்தில் ஒரு பொட்டு. பின்னாலிருந்து விளக்கைக் காட்டியதும் எங்களில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தச் சேலை மூன்று எபிசோடில் வருகிறது, அதற்காகக் கதையையே மாற்றி, புள்ளிகளை வைத்து வழி கண்டுபிடிக்கிற பாட்டி ஒருவரை எழுதினோம்.

ஹெல்மெட் கண்ணாடியில் கேமராவும் லைட்மேனும் தெரிகிறார்கள், அல்லது ஆவி படிகிறது

கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பெரிய செலவில் எடுக்கிறவர்களே பல ஷாட்டுகளில் கண்ணாடி இல்லாமல் எடுத்து, பிரதிபலிப்பைப் பின்னால் சேர்க்கிறார்கள். எடிட்டிங்கில் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்றை, ஸ்கிரீன் என்ற கலப்பு மோடில் படத்தின் மேல் வைத்து, தலை திரும்பும்போது அதையும் கொஞ்சம் நகர்த்தினால் போதும். கண்ணாடி இருந்தே ஆகவேண்டிய குளோசப்பில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டை உட்பக்கம் தடவி, மெல்லிய துணியால் தடம் தெரியாமல் துடைத்துவிடுங்கள், பத்து நிமிடம் ஆவி படியாது. கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, நிற்கிறவர்கள் எல்லோரும் கறுப்புச் சட்டை போட்டால் பிரதிபலிப்பும் பெரும்பாலும் அடங்கும்.

இதில் கோளாறைவிட முக்கியமானது ஆள். சித்திரை, வைகாசி வெயிலில், ரெக்சின் உடுப்புக்குள், மூடிய ஹெல்மெட்டில் ஒருவரை நிறுத்துகிறோம். மூச்சுக்கு வழி இருக்கிறதா என்று நீங்களே முதலில் போட்டுப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு டேக் முடிந்ததும் கழற்ற ஒரு ஆள், கையில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரோடு, அந்த வேலைக்கு மட்டும் இருக்கவேண்டும். எங்கள் நடிகர் ஒருவர் வைகை மணலில் நிற்கும்போதே கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார், ஹெல்மெட்டுக்குள் அவர் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு மேல் கை சைகை ஒன்றை முடிவு செய்தோம், அதைக் காட்டினால் ஷாட் எதுவானாலும் நிறுத்திவிடுவோம். ஷூட்டிங்கும் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரைதான்.

அதே வெயிலில் போனும் சூடாகி நின்றுபோகும். உறையைக் கழற்றி, ஏரோபிளேன் மோடில் போட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து, குடை நிழலில் வையுங்கள். ஐஸ் வைக்காதீர்கள், லென்ஸுக்குள் நீர் கோத்துவிடும்.

"வி.எஃப்.எக்ஸ். சுமாரா இருக்கு" என்கிறார்கள்

கிராபிக்ஸைத் தொடுவதற்கு முன் சத்தத்தைக் கேளுங்கள். எங்கள் முதல் எபிசோடில் கதவு திறக்கிற ஷாட்டைப் பார்த்த பத்துப் பேரும் அட்டைக்கதவு என்றார்கள். ஷாட்டை மாற்றவில்லை. பழைய இரும்புக் கடையில் கேட்டு, ஷட்டர் இறக்குகிற சத்தம், பிரஷர் குக்கரில் ஆவி வெளியேறுகிற சத்தம், மாவு கிரைண்டர் கல் உருளத் தொடங்குகிற சத்தம் மூன்றையும் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டோம். அதே கதவை அடுத்த வாரம் பார்த்தவர்கள் எந்த இரும்பில் செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

வசனம் பதிவு செய்யும்போது மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தும்போது வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறையின் சத்தத்தை எடுத்து வையுங்கள், வசனங்களுக்கு நடுவே இருக்கிற ஓட்டையை அடைக்க அதுதான் உதவும். கோயில் திருவிழா ஸ்பீக்கரும் மயிலும் ஆட்டோவும் இருக்கிற தெருவில் நேரடி ஒலி கிடைக்காது என்றால் டப்பிங்குக்குப் போய்விடுங்கள், தமிழ் சினிமா பல காலமாக அப்படித்தான் நடக்கிறது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, முதுகுப் பக்கம் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, நடுவில் நின்று பேசினால் எதிரொலி போய்விடும்.

குரல் உதட்டோடு ஒட்டவில்லை

படத்துக்கும் தனியாகப் பதிந்த ஒலிக்கும் உள்ள விலகல் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவா, போகப் போகக் கூடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே அளவு என்றால் நகர்த்தி வைத்தால் முடிந்தது, அதற்குத்தான் ஷாட்டின் ஆரம்பத்தில் கிளாப் அடிப்பது.

போகப் போகக் கூடினால் போன்தான் காரணம். போன்கள் பிரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப 24.8, 25.1 என்று ஆடிக்கொண்டே இருக்கும். எடிட்டிங் மென்பொருள் அதை நிலையானது என்று நம்பி வரிசைப்படுத்தும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, நிலையான 25 பிரேமாக மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு எடிட்டிங்கில் ஏற்றுங்கள். ஒலி பதிகிற ரெக்கார்டர் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஷாட்டின் முடிவிலும் ஒரு கிளாப் அடித்தால் எவ்வளவு விலகியது என்று ஒரே பார்வையில் தெரியும்.

பச்சைத் திரை வெட்டினால் முடியைச் சுற்றிப் பச்சை ஓரம்

விளக்குத்தூண் பக்கம் பச்சைத் துணி வாங்கி வந்தோம், மினுமினுப்பான துணி. அதுவே முதல் தப்பு, மினுக்கம் இல்லாத காட்டன் வாங்கவேண்டும், இஸ்திரி போட்டு இழுத்துக் கட்டவேண்டும். அப்புறம் ஆளைத் துணியிலிருந்து ஆறடி, முடிந்தால் எட்டடி தள்ளி நிறுத்துங்கள். துணிக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு. சின்ன அறையில் இதற்கு இடமே இருக்காது, அதனால்தான் பச்சை முகத்தில் தெறிக்கிறது. மொட்டை மாடிக்குப் போய், மேகமூட்டமான நாளில் எடுங்கள், பாதி வேலையை வானம் செய்துவிடும்.

என்னைக் கேட்டால், பச்சைத் திரை இல்லாமல் முடிக்க முடிகிற எல்லா ஷாட்டையும் அப்படியே முடியுங்கள். ஜன்னலுக்கு வெளியே விண்வெளி வேண்டுமென்றால், முன்கூட்டியே செய்த வீடியோவைப் பெரிய டி.வி.யில் ஓடவிட்டு, ஜன்னலுக்குப் பின்னால் வைத்துக் கொஞ்சம் ஃபோகஸ் விலகி எடுங்கள். முகத்தில் அந்த வெளிச்சமும் தானாகவே விழும்.

சின்ன மாடல் பொம்மையாகத் தெரிகிறது

அசைவு வேகமாக இருக்கிறது, அதுதான். பொருளைச் சுருக்கினால் நேரத்தை நீட்டவேண்டும், சுருக்கிய அளவின் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை மடங்கு அதிக பிரேமில் எடுக்கவேண்டும். நிஜத்தில் 16 அடி இருப்பதை 1 அடியில் செய்தால் 4 மடங்கு, அதாவது 25க்குப் பதில் 100 பிரேம். போனில் 120 இருக்கும், அது போதும். ஆனால் அந்த வேகத்தில் அறை விளக்கில் எடுத்தால் மேலே சொன்ன நடுக்கம் திரும்பி வரும், அதனால் வெயிலில் எடுங்கள், சூரியன் நடுங்காது. தூசி, புகை, மணல் எல்லாம் இதில் நன்றாக வரும். தண்ணீர் மட்டும் வராது, துளியைச் சுருக்க முடியாது.

தமிழ் எழுத்து சிதறுகிறது

கட்டுப்பாட்டுத் திரையில் எல்லாம் தமிழில் இருக்கவேண்டும் என்று நினைத்தோம், இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "வெப்பநிலை" என்று தட்டினால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக மிதக்கும். எழுத்துருவில் கோளாறு இல்லை, மென்பொருளுக்கு நம் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. எடிட்டிங் மென்பொருளான பிரீமியரிலும் கிராபிக்ஸ் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் எழுத்து எஞ்சினை மாற்றுகிற அமைப்பு இருந்தால், அதைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். முப்பரிமாண கிராபிக்ஸ் செய்கிற பிளெண்டரில் நேராகத் தட்டாமல், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி எஸ்.வி.ஜி.யாகக் கொண்டுவாருங்கள். எதுவும் நடக்கவில்லையா, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக்கி ஒட்டிவிடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டினால் சிதறாமல் வரும், பல எடிட்டர்கள் இன்னும் அதை விடாததற்கு இதுவும் ஒரு காரணம், ஆனால் சப்டைட்டிலுக்கு அது உதவாது, அங்கே யூனிகோட் மட்டும்தான்.

ரெண்டர் பாதியில் போய்விட்டது

கம்ப்யூட்டர் கிராபிக்ஸை ஒவ்வொரு பிரேமாகப் படமாக்குவதுதான் ரெண்டர். ஒரு பிரேமுக்கு 4 நிமிடம் என்றால் 10 நொடி ஷாட் 250 பிரேம், 1000 நிமிடம், அதாவது 16 மணி 40 நிமிடம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்க்காமல் நாங்கள் போட்டுவிட்டுத் தூங்கினோம். காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனது, வீடியோ ஃபைலாக வெளியிட்டிருந்ததால் எல்லாம் போனது. எப்போதும் தனித்தனிப் படங்களாக வெளியிடுங்கள், பி.என்.ஜி. அல்லது ஈ.எக்ஸ்.ஆர்., அப்படிச் செய்தால் 180வது பிரேமில் நின்றாலும் 181லிருந்து தொடரலாம். பிளெண்டரில் சாம்பிளைக் குறைத்து, அதனால் வருகிற புள்ளிகளை நீக்க டீநாய்ஸ் போடுங்கள், தூரத்து ஷாட்டுக்கு அதிலேயே இருக்கிற வேகமான ரெண்டர் எஞ்சின் ஈவீ போதும்.

மெமரி கார்டு காலியாகக் காட்டுகிறது

அந்தக் கார்டில் இனி ஒன்றும் எடுக்காதீர்கள், ஃபார்மட் கேட்டால் கொடுக்காதீர்கள். போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் இலவசம், பெரும்பாலும் மீட்டுவிடும். ஃபைல் இருக்கிறது ஆனால் திறக்கவில்லை என்றால், அதே கேமராவில் எடுத்த ஒரு நல்ல ஃபைலை மாதிரியாகக் கொடுத்து அன்ட்ரங்க் என்ற கருவியில் சரிசெய்யலாம். அன்றன்றைக்கு இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம்.

நடிக்கிறார்கள், ஆனால் வேற்று மொழி டப்பிங் படம் மாதிரி இருக்கிறது

இதைச் சரிசெய்யத்தான் எங்களுக்கு அதிக நாள் ஆனது, மற்றதைவிட இதில்தான் எனக்கு அக்கறையும் அதிகம். "தளபதி, எரிபொருள் அளவு அபாய நிலையை எட்டிவிட்டது" என்று எழுதியிருந்தோம். நடித்த தம்பி நல்ல நடிகர், அவராலும் அதை உயிரோடு சொல்ல முடியவில்லை. எழுதினதை விடுங்கள், நிஜமாகவே தீர்ந்துபோனால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "அண்ணே, இன்னும் ரெண்டு நாளைக்குத்தான்ணே வரும்" என்றார். அதுதான் படத்தில் இருக்கிறது. வசனத்தை எழுதிய பிறகு ஒர்க்‌ஷாப்பிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கிற யாரிடமாவது கொடுத்து அவர்கள் வாயில் சொல்லச் சொல்லுங்கள். கருவிகளோடு தினமும் இருக்கிறவர்கள் அவற்றைப் பற்றிச் சுருக்கமாகத்தான் பேசுவார்கள்.

விஞ்ஞானம் நம் ஊருக்கு வெளியூர்ச் சரக்கு என்ற நினைப்பும் வசனத்தில் தெரிந்துவிடும். மதுரையிலேயே, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயத் திட்டமிட்ட பெரிய கருவியின் சிறு மாதிரி, 85 டன் எடையில், காஸ்மிக் கதிர்களிலிருந்து வரும் மியூவான் என்ற துகள்களைப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. மலையேறினால் கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டது அங்கேதான். நம் கதாபாத்திரம் அங்கே வேலை பார்த்தவராக இருந்தால் எந்த ஊர்க்காரராக நடிப்பது என்ற குழப்பமே வராது.

அறிவியல் தப்பைத் திருத்தினால் காட்சியும் திருந்தும், இது எங்களுக்கு நடந்தது. செவ்வாயில் இருக்கிற மகள் உசிலம்பட்டியில் இருக்கிற அம்மாவோடு வீடியோ காலில் பேசுவதாக எழுதியிருந்தோம். செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேரக் குறைந்தது 3 நிமிடம், தூரமாக இருக்கும்போது 22 நிமிடம், அதனால் மாறி மாறிப் பேசவே முடியாது. காட்சியை எடுத்துவிடலாம் என்று ஆனபோது, அம்மாவாக நடித்த அத்தை, "நான் பேசிட்டு உலை வைக்கப் போறேன்ப்பா, சோறு பொங்கி வர்றதுக்குள்ள பதில் வந்துருமில்ல?" என்றார். கணக்குப் போட்டோம், போக 12, வர 12, சோறு வெந்துவிடும். அப்படியே எடுத்தோம். அம்மா பேசி முடித்து, அரிசி களைந்து போட்டு, கஞ்சி பொங்கும்போது தட்டை நகர்த்தி, கையைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து உட்காருகிறார், அப்போது மகள் முகம் வருகிறது. ஐந்து எபிசோடிலும் ஒரு ரூபாய் கிராபிக்ஸ் செலவில்லாத காட்சி அதுதான், அதிகம் பேர் எழுதிக் கேட்டதும் அதைப் பற்றித்தான். செவ்வாயில் பகல் வானம் செம்மண் நிறம், அந்தியில் சூரியனைச் சுற்றி நீலம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு நீலத் தாள் போதும்.

ஷூட்டிங்கை நிறுத்திவிட்டார்கள், அல்லது நடிகர் மொட்டையோடு வந்தார்

கீழக்குயில்குடி சமணர்மலை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அனுமதி இல்லாமல் போகாதீர்கள், அனுமதியோடு போனாலும் பாறையில் ஆணி, பெயின்ட் எதுவும் கூடாது. மேலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகள் வேறு கிரகம் போலவே இருக்கும், ஆனால் ஆழம் தெரியாத தண்ணீர், சரிகிற விளிம்பு, அங்கே வேண்டாம். தனியார் செங்கல் சூளையும் வறண்ட கண்மாயும் கேட்டால் கிடைக்கும், ஊர்ப் பெரியவரிடம் முதல் நாளே போய்ச் சொல்லிவிடுங்கள்.

நடிகர் பழநிக்கு வேண்டிக்கொண்டு முடி இறக்கிவிட்டார் என்றால் ஒன்றும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தேதி வாங்கும்போதே வீட்டில் வேண்டுதல், கல்யாணம், காதுகுத்து இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முகம் தெரிகிற காட்சிகளை முதலில் எடுத்துவிட்டு ஹெல்மெட் காட்சிகளைக் கடைசிக்கு வையுங்கள், அதில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். சித்திரைத் திருவிழா வாரத்தில் தேதியே போடாதீர்கள்.

யூடியூபில் ஏற்றியதும் இருட்டுக் காட்சிகள் படி படியாகத் தெரிகின்றன

விண்வெளியின் கறுப்பு நீலத்தில் கரைகிற இடம் வட்டம் வட்டமாக உடையும். ஏற்றுவதற்கு முன் படம் முழுக்க லேசாக கிரெய்ன் என்ற நுண்புள்ளிகளைச் சேர்த்து, 1080இல் எடுத்திருந்தாலும் 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றுங்கள், சுருக்கும்போது தரம் குறைவாகவே இழக்கும். ஒலி அளவு, உரப்பை அளக்கிற எல்.யூ.எஃப்.எஸ். அலகில் -14 பக்கம் இருக்கட்டும், அதற்குக் கீழே இருந்தால் யூடியூப் தானாக ஏற்றித் தராது.

எங்கள் மூன்றாவது எபிசோட் இருட்டறையில் நல்ல மானிட்டரில் பார்க்க அழகாக இருந்தது. பகல் இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பாதி வெளிச்சம் வைத்த போனில், இயர்போன் இல்லாமல் போட்டுப் பார்த்தேன். திரையில் என் முகம்தான் தெரிந்தது, நடிகர் முகம் தெரியவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டுத் திருநகருக்குத் திரும்பிப் போய், முகங்களை மட்டும் தனியாக மாஸ்க் போட்டு வெளிச்சம் ஏற்றி, மறுநாள் அதே நேரத்துக்கு அதே பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். கண் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஏற்றினோம்.